லிட்டருக்கு எத்தனை?

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பெரியோர் வாக்கு. அரிசியைப் படியால் அளக்கிறோம். எண்ணெயைக் கரண்டியால் அளக்கிறோம். பால்காரர் ஊற்றும் பாலைக் கண்ணாலேயே அளந்துவிடுகிறோம். வண்டியில் ஊற்றும் பெட்ரோலை மட்டும் நம்மில் பெரும்பாலோர் அளப்பதில்லை. அதைப்பற்றி முறையிடுவதோடு நின்றுவிடுகிறோம். 2021-ஆம் ஆண்டில் சென்னையில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைக் கடந்தது முதல், திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் நேரத்திலும் இம்முறையீடு காதில் விழுகிறது. "உங்கள் வண்டி லிட்டருக்கு எத்தனை தருகிறது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு குடும்பத்தில் கிடைத்த விடையை இங்கே எழுதுகிறேன்.

என் தங்கை இராஜபாளையத்தில் வசிப்பவள், கணவரை இழந்தவள். அவளுடைய ஒரே மகன் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்க்கிறான். சர்க்கரை நோய் தங்கையின் கண்களைத் தாக்கியதால், மாதம் ஒருமுறை மதுரைக்குச் சென்று கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய நிலை. அம்மாவைச் சுகமாக அழைத்துச் செல்லவே கார் வாங்குவதாகச் சொல்லி மகன் கடன் பெற்றான். ஆனால் அவன் மனம் நாடியது வேகத்தை. அளவில் சிறியதாயினும், டர்போ பொருத்திய, பத்து நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிப்பிடிக்கும் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தது.

இரண்டு மாதங்களில் அவனுக்குக் கிடைத்தது 11. விற்றவர்களிடம் கேட்டதற்கு, "எல்லாம் ஓட்டுகிற விதத்தைப் பொறுத்தது" என்றார்களாம். அவனுக்குக் கோபம் பொங்கிற்று. ஓர் இரவு சாப்பாட்டு வேளையில், "பெட்ரோலுக்கே சம்பளம் போய்விடும்; நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகிறேன்" என்று இரைந்திருக்கிறான். தங்கைக்கு இப்போது செபப் புத்தகத்தின் எழுத்து தெரிவதில்லை. மனக்கணக்கு மட்டும் மங்கவில்லை. மதுரைக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 170 கிலோமீட்டர், லிட்டருக்கு 11 என்றால் பதினைந்து லிட்டருக்கு மேல், ஆயிரத்தைந்நூறு ரூபாய். அடுத்த மாதம் அவள் யாரிடமும் சொல்லாமல் விடியற்காலைப் பேருந்தில் ஏறிவிட்டாள். மாலையில் ஒரு கண்ணில் கட்டோடு, யாரோ ஒரு பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டு பேருந்து நிலையத்தில் இறங்கினாள்.

"மாமா, நீங்களாவது அம்மாவிடம் சொல்லுங்கள். வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார். என்னை ஏமாற்றி விற்றுவிட்டார்கள்" என்று மகன் என்னிடம் வந்தான்.

நூற்பாலைப் பணிமனையில் முப்பது ஆண்டு இயந்திரங்களோடு காலங்கழித்தவன் நான். "வழக்கு பிறகு இருக்கட்டும், மாப்பிள்ளை, முதலில் அளப்போம்" என்றேன்.

அளக்கும் முறை எளிது. பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ஓடிய தூரம் காட்டும் எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், அதே பங்கில் அதே விதமாக மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தூரம், லிட்டர் என்று பத்திகள் போட்டுக் கொடுத்தேன். நான்காவதாக, 'உடன் இருந்தவர்' என்று ஒரு பத்தியும் சேர்த்தேன். ஆலையில் இயந்திரத்தின் கணக்கை எழுதும்போது அந்த ஷிப்டில் நின்றவர் யார் என்றும் எழுதுவோம், அந்தப் பழக்கம்.

விளம்பரத்தில் கண்ட 18 எங்கிருந்து வந்தது என்பதையும் அவனுக்கு விளக்கினேன். பல்லாண்டுகளாக நம் நாட்டில் காரின் மைலேஜ் அளக்கப்பட்டது சாலையில் அன்று, ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, சக்கரங்கள் மட்டும் சுழலும். சோதனை நேரம் 1180 நொடி. அதாவது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தூரம் பத்தரைக் கிலோமீட்டர் அளவு. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ அவ்வளவே! ஆனால் அந்த ஆய்வுக்கூடச் சாலையில் ஏர்கண்டிஷன் ஓடாது. பஞ்சு லாரி குறுக்கிடாது. மேற்கு மலையிலிருந்து எதிர்க்காற்று வீசாது. பால்கோவா கடைக்கு முன்னால் திடீரென்று பேருந்து நிற்காது. வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 நொடி எடுத்துக்கொள்ளும் இடமும் அச்சோதனையில் உண்டு. அந்த 26 நொடிக்குள் நம் பிள்ளை 100-ஐத் தொட்டு, பிரேக் போட்டு, மறுபடியும் ஒருமுறை 100-ஐத் தொட்டுவிடுவான்.

பொய்க் கணக்குகளும் உலகில் இல்லாமலில்லை. ஜப்பானில் மிட்சுபிஷி நிறுவனம் 6 லட்சத்து 25 ஆயிரம் சிறு கார்களின் மைலேஜ் சோதனையைத் திரித்துக் காட்டியதாக 2016-இல் தானே ஒப்புக்கொண்டது. ஆயினும் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஏமாற்றே காரணம் என்று முடிவுகட்டிவிடலாகாது.

எரிபொருள் எங்கே போகிறது என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைக் கண்டவர்கள் எளிதில் உணர்வார்கள். நிற்கும் தேரைக் கிளப்பவே பெரும்பலம் வேண்டும். உருளத் தொடங்கியபின் இழுப்பவர்களுக்குப் பாரம் குறையும். காரும் அப்படியே. சீறிக் கிளம்பி, உடனே பிரேக்கை மிதிப்பவன், பெட்ரோல் கொடுத்துச் சேர்த்த ஓட்டம் முழுவதையும் பிரேக்கின் சூடாக்கிக் காற்றில் விடுகிறான். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் இருமடிப்படி உயர்வது. 60-இல் செல்லும் வண்டி 100-இல் சென்றால் எதிர்ப்பு ஏறக்குறைய 2.8 மடங்காகும். டர்போ என்பது புகைப்போக்கில் வெளியேறும் வாயுவின் விசையால் ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, இயந்திரத்துக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் அமைப்பு. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். மெல்ல மிதித்தால் அது சிறு இயந்திரம். ஓங்கி மிதித்தால் பெரிய இயந்திரத்தின் பசி அதற்கு வந்துவிடும்.

முதல் கணக்கு வந்தது: 286 கிலோமீட்டர், 26 லிட்டர். லிட்டருக்குச் சரியாக 11. 'உடன் இருந்தவர்' பத்தியில் 'யாருமில்லை' என்று எழுதியிருந்தான்.

அந்த வேளையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டத் தங்கை நாள்தோறும் போகவேண்டியதாயிற்று. மகன் வேலைக்குப் போகும் வழிதானே என்பதால் மறுப்புச் சொல்லாமல் காரில் ஏறினாள். இரண்டு வாரம் காலையும் மாலையும் அவள் அவனருகே அமர்ந்து சென்றாள். அதே சாலை, அதே வண்டி, அதே நேரம், ஓர் ஆளின் எடை கூடுதல். இரண்டாம் கணக்கைப் பார்த்தபோது நானே வியந்தேன்: 300 கிலோமீட்டர், 20 லிட்டர். லிட்டருக்கு 15!

நோட்டை அவன் கையில் கொடுத்து, "என்ன வித்தியாசம், மாப்பிள்ளை?" என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா இருந்தால் பள்ளத்தில் வண்டி குலுங்கக் கூடாது, மாமா. கண்ணுக்கு ஆகாது. தூரத்திலேயே காலை எடுத்துவிடுவேன்" என்றான். வழக்குப் பேச்சு அத்தோடு நின்றது.

வேகத்துக்கென்றே பிறந்த வண்டிகளிலும் இதே நியதியைக் காணலாம். அமெரிக்காவின் கார்வெட் என்னும் காரின் 2014-ஆம் ஆண்டு மாதிரி 6.2 லிட்டர் இயந்திரமும் 455 குதிரைத்திறனும் உடையது. அதற்கு அந்நாட்டு அரசு கணித்த மைலேஜ், நகருக்குள் லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 12. சீராகவும் மிதமாகவும் செல்லும்போது அதன் எட்டு சிலிண்டர்களில் நான்கு ஓய்வெடுத்துக்கொள்ளும். நம் மாநிலத்திலேயே இதற்கு மாறான பாடம் ஒன்று உண்டு. 1985 முதல் 1988 வரை சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற கார் உற்பத்தியாயிற்று. உடல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ரோவர் காருடையது; உள்ளே வைத்ததோ பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டின் வழிவந்த இரண்டு லிட்டர் இயந்திரம். மிடுக்கான தோற்றத்தை நம்பி வாங்கியவர்களுக்கு வேகமும் கிட்டவில்லை; பெட்ரோலும் மிஞ்சவில்லை. சில ஆண்டுகளிலேயே அது மறைந்தது.

கார்ப் பந்தயத்தின் உச்சமான ஃபார்முலா ஒன்றைக் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் அதில் ஓட்டிய முதல் இந்தியரானபோது நம் இல்லங்களும் அறிந்துகொண்டன. அங்கே 2010 முதல் பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்ப அனுமதி இல்லை. 2014-இல், சுமார் 305 கிலோமீட்டர் பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருளே உண்டு என்று விதி செய்தார்கள். லிட்டருக்கு இரண்டே கால் கிலோமீட்டர் அளவுதான்! அதையும் மீதப்படுத்த, வளைவு வருமுன்னரே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியைத் தானாக உருளவிடும் கலையை அவ்வீரர்கள் பழகுகிறார்கள். உலகின் அதிவேக ஓட்டுநர்களும் காலைத் தூக்கக் கற்றவர்களே.

ஆற்றல் இருப்பதாலேயே அதைச் செலவழித்துத் தீர்க்க வேண்டுமென்பதில்லை. 2017 நவம்பரில் லம்போர்கினி நிறுவனம் பத்து சிலிண்டர் கொண்ட வெண்ணிற அதிவேகக் கார் ஒன்றைத் திருத்தந்தை பிரான்சிசுக்கு வழங்கியது. அவர் அதை ஆசீர்வதித்து, அதன்மேல் கையொப்பமிட்டு, ஏலத்துக்கு அனுப்பிவிட்டார். 2018-இல் கிடைத்த தொகை 7 லட்சம் யூரோவுக்கும் அதிகம். ஈராக்கின் நினிவே சமவெளியில் வீடிழந்த கிறிஸ்தவர்களுக்கும், கடத்தப்பட்டு விற்கப்பட்ட பெண்களுக்கும் துணைபுரியும் பணிகளுக்கு அது பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்தக் கார் எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும் இத்தனை பேரைச் சென்றடைந்திருக்குமா? 2015-இல் அவர் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலிலும், பொதுப் பேருந்தில் செல்வது, ஒரே வண்டியில் பலர் சேர்ந்து செல்வது, வேண்டாத விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களை அன்பின் செயல்களாகவே எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்.

தங்கை இப்போது மதுரைக்குக் காரில்தான் போகிறாள். கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல் சென்று திரும்புகிறார்கள். கடைசி இரண்டு பயணங்களில் 17 கிடைத்தது. பத்து லிட்டரில் பயணம் முடிகிறது. அச்சிட்ட 18 இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று மகன் இப்போது எதிர்பார்ப்பதுமில்லை. தனியே செல்லும் நாட்களிலும் லிட்டருக்கு 14-க்குக் குறையவில்லை என்று நோட்டு சொல்கிறது. 'உடன் இருந்தவர்' பத்தியில் அந்நாட்களுக்கு நேராக, 'அம்மா (நினைவில்)' என்று எழுதியிருக்கிறான்.

அன்புள்ள பெற்றோரே, இளைஞரே! டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று மாதம் இருமுறை பாருங்கள். டிக்கியில் கிடக்கும் வேண்டாத சுமையை இறக்குங்கள். ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது இயந்திரத்தை நிறுத்துங்கள். ஞாயிறு திருப்பலிக்கு ஒரே தெருவிலிருந்து மூன்று கார்கள் புறப்படுவதைவிட ஒன்று புறப்படட்டும். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானோ என்று ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். கார் வாங்க நினைப்பவனும் அப்படி உட்காரட்டும். யாருக்காக வாங்குகிறேன் என்பதையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். உடன் இருப்பவர் நலத்தை எண்ணினால் கால் தானே இலேசாகும். இறைவன் கொடுத்த எண்ணெயும் நெடுந்தூரம் வரும்.