செக்கிங் சார்ஜ் 300 ரூபாய்

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து குறைந்த செலவில் டேட்டா எடுத்துத் தருகிறவன் என்று எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, பிழைத்திருக்க வேண்டிய டிஸ்க்குகளை நானே கொன்றிருக்கிறேன். கொன்றது நான்தான் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி, மேசையிலிருந்து விழுந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். யுஎஸ்பியில் செருகியதும் சன்னமாக ஒரு பீப். சற்று நின்று, மறுபடி பீப். எனக்குப் பழக்கமான சத்தம்தான். உள்ளே ஹெட் தட்டின்மேல் ஒட்டிக்கொண்டு, மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது. தூசியில்லா அறை வைத்திருக்கிற லேப் பார்க்க வேண்டிய வேலை. பல ஆயிரம் ரூபாய் கேட்பார்கள். அதைச் சொல்லவும் செய்தேன். "அவ்வளவு பணத்துக்கு நான் எங்கண்ணே போவேன்? ரெண்டு கல்யாணம் இதுல இருக்கு. நீங்க நெனச்சா முடியும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன். "வச்சுட்டுப் போ தம்பி, பார்க்கலாம்" என்றேன்.

அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினேன், ஃபேனை நிறுத்தினேன். என் தூசியில்லா அறை அவ்வளவுதான். நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரால் திருகுகளைக் கழற்றினேன். ஒரு திருகு எப்போதும் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதையும் கிழித்துக் கழற்றினேன். பளபளவென்று தட்டு. ஓரத்தில் இருக்கும் சாய்மேடையில் ஓய்வெடுக்க வேண்டிய ஹெட், தட்டின் நடுவே நின்றுகொண்டிருந்தது. யூடியூபில் பார்த்தபடியே தட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே ஹெட்டை வெளியே தள்ளிவிட்டு மூடினேன். டிஸ்க் சுற்றியது! 'முகூர்த்தம்', 'ரிசப்ஷன்' என்று ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. காப்பி கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு கிர்ரென்று ஓர் உரசல். திறந்து பார்த்தால் தட்டைச் சுற்றி வட்டமாக ஒரு கீறல். சுற்றும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அதைவிடப் பல மடங்கு பெரியது. கீறல் விழுந்த இடத்தில் காந்தப்பூச்சு உதிர்ந்துவிடும். அங்கிருந்த டேட்டாவை எந்த லேபாலும் திருப்பித் தர முடியாது.

மறுநாள் அவரிடம், "விழுந்தப்பவே உள்ள தட்டு போயிருச்சு தம்பி" என்றேன். செக்கிங் சார்ஜ் 300 ரூபாய் வாங்கினேன். நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

குறைந்த செலவில் எதுவுமே முடியாதா என்றால், நிறைய முடியும். எனக்குப் பெயர் வந்ததே அதில்தான். 12 வோல்ட் டிஸ்க்கில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு ஓடிவருவார்கள். பல சமயம், போர்டில் இருக்கும் காவல் டயோடு ஷார்ட்டாகித் தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். மல்டிமீட்டரில் பார்த்து அதை மட்டும் எடுத்துவிட்டால் டிஸ்க் ஓடும். அதன்பிறகு அதற்குக் காவல் கிடையாது, டேட்டாவை உடனே காப்பி எடுத்துவிட்டு டிஸ்க்கை ஒதுக்கிவிட வேண்டும். இன்னும் சில டிஸ்க்குகளில் கெட்டது கேபிளாகவோ வெளி உறைக்குள் இருக்கும் யுஎஸ்பி போர்டாகவோ இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி நேரே கம்ப்யூட்டரின் சாட்டா கேபிளில் மாட்டினால் போதும். ஆனால் சில மாடல்களில் அந்த யுஎஸ்பி போர்டுதான் டேட்டாவைப் பூட்டி எழுதுகிறது, அதைத் தூக்கிப்போட்டால் சாவியும் போச்சு. சென்னை ரிச்சி தெருவில் அதே மாடல் டிஸ்க் வாங்கிவந்து போர்டை மாற்றுவதும் உண்டு. புதிய டிஸ்க்குகளில் எட்டுக்கால் சிப் ஒன்றில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் இருக்கும். அதையும் கழற்றி மாற்ற வேண்டும். இது தெரியாத காலத்தில் ஒருவருடைய பழைய போர்டைக் குப்பையில் போட்டிருக்கிறேன். அவருக்கும் இதே "போயிருச்சு"தான்.

டிஸ்க் சத்தம் போடாமல், படிப்பதற்கு மட்டும் திணறினால் இலவச மென்பொருளிலேயே வழி இருக்கிறது. லினக்ஸ் பென்டிரைவில் கம்ப்யூட்டரைத் துவக்கி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூவை ஓடவிட்டு, மொத்த டிஸ்க்கையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்கு அது பிறகுதான் வரும். எதுவரை முடிந்தது என்று மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். செலவு அந்த நல்ல டிஸ்க் மட்டும்தான். டேட்டாவை மீட்கும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் மென்பொருள்கள் எல்லாம் அப்புறம், அதுவும் நகலின்மேல். ஃபோட்டோரெக் படங்களைத் தோண்டித் தரும், பெயர்கள் மட்டும் வராது. இவ்வளவும் தெரிந்தவன் நான். ஆனால் நகல் எடுக்க ஒருநாள் இரண்டுநாள் ஆகும் என்பதால், சாகக்கிடக்கும் டிஸ்க்கின்மேலேயே விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டியிருக்கிறேன். அது சரிசெய்கிறேன் பேர்வழி என்று டிஸ்க்கிலேயே எழுத ஆரம்பித்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால் உயிர்வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில் வைத்ததும் உண்டு. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் பூத்ததுதான் மிச்சம்.

300 ரூபாய்க்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. "என்னால் முடியாது" என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே, அங்கே முடிந்துவிட்டால் என் பெயர் என்னாவது என்ற பயம்தான் மீதி. அதற்கு நான் வைத்த பணயம் இன்னொருவர் வீட்டுக் கல்யாணம். அந்தத் தம்பி இன்றும் பிரிண்டருக்கு இங்க் வாங்க என் கடைக்குத்தான் வருகிறார். இன்னும் நான் சொல்லவில்லை.

விழுந்த டிஸ்க்கையோ, டிக் டிக் என்றோ பீப் என்றோ சத்தம் போடும் டிஸ்க்கையோ மறுபடி ஒருமுறைகூடச் செருகிப் பார்க்காதீர்கள். லேபுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் ஈரம் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள்; பணம் சேரும்வரை அது காத்திருக்கும், அதற்கு ஒரு பைசா செலவில்லை. "திறந்து பார்த்துடலாம்" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், அது நானாகவே இருந்தாலும், டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.