துரை வீட்டில் பேச்சுக்கு வேலையில்லை

ஈப்போ ரயில் நிலையத்தில் நான் வந்து இறங்கிய நடைமேடையிலேயே அக்காள் மகன் புறப்பட நின்றிருந்தான். கோத்தா கினபாலுவில் பல்கலைக்கழகம். கோலாலம்பூர் போய் விமானம் பிடிக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டே அவன் சொன்னது இதுதான்: "சித்தி, துரை முன்னால மட்டும் பேசாம இருங்க."

பேசிப் பிழைப்பவளிடம் இப்படிச் சொல்லலாமா? காலையில் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் வாய் ஓயாது. வருட முடிவில் மிச்சமிருந்த 18 நாள் விடுமுறையை ஒரு பச்சோந்திக்காக எடுத்திருக்கிறேன் என்று நிலையத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் சிரிப்பல்ல. அக்காளுக்கு அந்தப் பிராணியைக் கண்டால் உடம்பெல்லாம் கூசும். இந்த 18 நாளில் அதற்கு ஒரு வழி பிறக்காவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவதாக மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அக்காள் வீடு புந்தோங்கில். ஈப்போ தமிழர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே மூக்கில் எண்ணெய் வாசம் ஏறும். கச்சாங் பூத்தே வறுக்கும் ஊர். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் தொடங்கிய தொழில். கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி என்று வண்டி வண்டியாக இன்னும் இங்கிருந்து போகிறது. தூரத்தில் சுண்ணாம்புக்கல் மலைகள். பிற்பகலில் அவற்றின் மேல் மேகம் இறங்கினால் அரை மணியில் மழை வாசலுக்கு வந்துவிடும். வீட்டின் பின்கட்டில், கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் நடுவில், வலையடித்த கூண்டில் துரை.

பெயர் வைத்தவர் எங்கள் அப்பா. தோட்டத்தில் வளர்ந்தவர். தலையில் கொம்புத் தொப்பி மாதிரி நிமிர்ந்த கொண்டை, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கும் நடை, யாரையும் நேராகப் பார்க்காமலேயே எல்லாரையும் கவனிக்கும் கண். "இது எங்க பழைய துரையேதான்" என்றாராம். ஏமன் பச்சோந்தி இனம். ஏமன், சவூதி அரேபிய மலைப்பகுதிகள்தான் அதன் பூர்வீகம். இது கூண்டில் பிறந்தது. மருமகன் பெர்ஹிலித்தானில் விசாரித்து, தாள்களைச் சரிபார்த்த பிறகே வாங்கினான்.

முதல் நாளே நான் கெடுத்தேன். துரையைக் கையில் வைத்து ஒரு காணொளி எடுத்தால் நேயர்களுக்குப் பிடிக்குமே என்ற ஆசை. கூண்டைத் திறந்து, "வாங்க துரை" என்று என் வானொலிக் குரலில் அழைத்து, மேலிருந்து கையை இறக்கிப் பிடித்தேன். பச்சை மறைந்து உடம்பு கறுத்தது. பக்கவாட்டில் தட்டையாகி, தொண்டையை உப்பி, பாம்பு மாதிரிச் சீறியது. அடுத்த நொடி என் ஆள்காட்டி விரலில் ரத்தம்.

மேலிருந்து வருவதெல்லாம் அதற்குப் பருந்து என்பது பிறகுதான் உறைத்தது. என் குரலால் ஒரு பயனும் இல்லை என்பதும். பச்சோந்திக்கு வெளிக்காதும் கிடையாது, செவிப்பறையும் கிடையாது. தாழ்ந்த அதிர்வுகள் சில மட்டும் எட்டும். நான் கொஞ்சியதெல்லாம் காற்றோடு போயிற்று. முகத்துக்கு நேரே வாயைத் திறந்து மூடும் ஒரு பெரிய விலங்குதான் அதற்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த மூன்று நாள் துரை எதையும் தின்னவில்லை. வளர்ந்த பச்சோந்தி சில நாள் பட்டினி தாங்கும், தண்ணீரில்லாமல் தாங்காது. கண் குழி விழுந்தால் ஆபத்து என்று மருமகன் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இலையில் தெறித்த துளியைத்தான் நக்கும். காலையும் மாலையும் தெளிப்பானால் கூண்டை நனைத்துவிட்டு அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் தவறாம். உற்றுப் பார்ப்பது வேட்டையாடும் விலங்கின் வேலை.

நான்காம் நாள் அக்காள் பேச்சுவாக்கில் சொன்னாள், கூட்டிப் பெருக்க வசதியாகக் கூண்டை மேசையிலிருந்து தரைக்கு இறக்கி வைத்தாளாம். மரத்தின் உச்சியில் இருக்க வேண்டியதை நம் முழங்காலுக்குக் கீழே வைத்தால் அது எப்படி நிம்மதியாக இருக்கும்? இருவரும் சேர்ந்து கூண்டை உயரத்தில் ஏற்றினோம். அன்று மாலையே உடம்பில் மஞ்சள் பட்டை திரும்பியது.

வானொலியில் கட்சி மாறியவர்களைப் பச்சோந்தி என்று நானும் கிண்டலடித்திருக்கிறேன். சுற்றியிருப்பதற்கு ஏற்றபடி நிறம் மாற்றிக்கொள்ளும் என்பது பெரும்பாலும் நம் கற்பனை. கோபம், பயம், வெப்பம், துணை தேடும் வேளை, இவையே முக்கியக் காரணம். தோலுக்கடியில் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல், வேறொரு பச்சோந்தி இனத்தை வைத்து விளக்கினார்கள். மனசில் உள்ளதை உடம்பிலேயே எழுதிக் காட்டும் பிராணியை ஏமாற்றுக்காரனுக்கு உவமை சொல்கிறோம். நான் இனிச் சொல்வதாயில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சும்பா-சும்பாவ வீட்டுல வைக்கலாமாடி?" என்பார். மலாயில் 'சும்பா' என்றால் சத்தியம், சாபம். போதாததற்கு, ராமனுக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற பழைய கதை வேறு. அந்தக் கதையைக் கேட்டுத்தான் சிறுவயதில் நாங்கள் ஓணான்மேல் கல்லெறிந்தோம். பாட்டியிடம் இதைச் சொன்னேன். "நாங்களுந்தான்" என்றார். இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகு தினமும் ஒரே வேலை. காலையில் நாற்காலியைக் கூண்டுக்குப் பக்கவாட்டில் போட்டு, புத்தகத்தை விரித்து, வாயை மூடி உட்காருவது. ஆறாம் நாள் நீண்ட இடுக்கியில் வெட்டுக்கிளியை நீட்டினேன். ஒரு கண் பூச்சிமேல், இன்னொன்று என்மேல். பத்து நிமிடம் கை கடுத்தது. பிறகு இரண்டு கண்ணும் பூச்சிக்குத் திரும்பின, நாக்கு பாய்ந்தது. உடம்பைவிட நீளமான நாக்கு. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பத்தாம் நாள் செம்பருத்தி இதழை விரலில் பிடித்தேன். இந்த இனம் இலை, பூவும் தின்னும். நம் தேசிய மலரைத் துரை நிதானமாகக் கடித்து மென்றார்.

பதினாறாம் நாள் கதவைத் திறந்து, கையைக் கீழே, கிளைக்கு ஒட்டினாற்போல் நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தேன். வெகுநேரம் கழித்து விரலில் இடுக்கி பிடித்த மாதிரி ஒரு பிடி. முன்காலில் உள்ளே மூன்று விரல், வெளியே இரண்டு. காற்றில் அசையும் இலைபோல முன்னும் பின்னும் ஆடி, முழு எடையையும் என்மேல் வைத்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. அன்பு என்று சொல்லமாட்டேன். நான் அதற்கு ஒரு கிளை, பயமில்லாத கிளை, அவ்வளவுதான். தோள்வரை ஏறிவிட்டு, இன்னும் உயரம் வேண்டும் என்று கூந்தலில் கால் வைத்தது.

அந்த நேரம் பார்த்து மருமகன் காணொளியில் அழைத்தான். கைப்பேசியைத் திருப்பிக் காட்டினேன், பேசவில்லை. "என்ன சித்தி, சத்தத்தையே காணோம்?" என்றான். பின்னால் கதவருகில் நின்றிருந்த அக்காளும் பேசவில்லை.

மறுநாள் காலை நான் இடுக்கியை எடுத்தபோது அக்காள் சமையலறையிலிருந்து வந்தாள். "நாளைக்கு நீ போயிட்டா?" என்று கேட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "கொடு. நீ அந்தாண்ட போய் உட்காரு. எதுவும் சொல்லிக் கொடுக்காதே."