பண்ருட்டியில் இருந்து ஒரு ஸ்ட்ரைக்கர்: பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு பதிவு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் 10 வயசுக்கு மேல் பொண்ணு இருந்தா முழுசா படிச்சிடுங்க.

1/ ஸ்வீடன் பெண்கள் கால்பந்து அணி 2011 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தது. அதன் பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி. பத்து வருஷம் கழித்து அவர் இந்தியப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரா வந்தார். 2022 ஆசியக் கோப்பைக்கு அவர் எடுத்த ஃபார்வர்டுகளில் ஒருத்தர் நம்ம பண்ருட்டி பொண்ணு. பெயர் சந்தியா ரங்கநாதன்.

2/ விழுப்புரத்தில் இருந்து பண்ருட்டிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. பண்ருட்டின்னா பலாப்பழம், முந்திரின்னு எல்லாருக்கும் தெரியும். நாட்டுக்காக கோல் அடிக்கிற ஒரு ஸ்ட்ரைக்கரும் அந்த ஊர்தான்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

3/ பெரிய வசதியில் வளர்ந்தவர் இல்லை. அம்மா தனி ஆளாக நின்று வளர்த்த பிள்ளை. கடலூரில் அரசு விடுதியில் தங்கிப் படித்தார். விடுதியில் சீனியர் அக்காக்கள் பந்து ஆடுறதைப் பார்த்துத்தான் இவரும் இறங்கினார். பயிற்சியாளர் மாரியப்பன் கையில் பட்டை தீட்டப்பட்டார். அதே கடலூர் மண்ணில் இருந்து வந்தவர்தான் இந்திய அணியின் மிட்ஃபீல்டர் இந்துமதி கதிரேசன். தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. 2020 லாக்டவுனில் சென்னையில் ரோட்டில் நின்று டூட்டி பார்த்தவர்.

4/ 2018ல் தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு முதல் முறையாக ஜெயித்தது. ஃபைனலில் தோற்றது மணிப்பூர். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை ஜெயிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. அடுத்த வருஷமே சேது எஃப்.சி. இந்தியன் விமன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் சந்தியா இருந்தார்.

5/ சரி, டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கறீங்களா? இருக்கு.

திண்டிவனம் பக்கம், விழுப்புரம் பக்கம் கிராமங்களில் இருந்து ஓபிக்கு வர்ற அம்மாக்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்வி. பொண்ணை வெளியே உட்கார வச்சிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பாங்க.

"பொண்ணு வயசுக்கு வந்துட்டா டாக்டர். பி.டி. சார் டீமுக்கு அனுப்புங்கன்னு கேட்கிறாரு. இவ்ளோ ஓடினா கர்ப்பப்பை எறங்கிடாதா? நாளைக்குக் குழந்தை நிக்குமா?"

6/ இந்தக் கேள்வியைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது. பயம் உண்மையானது. ஆனா பதில் தெளிவானது: இறங்காது. கர்ப்பப்பையைத் தசைகளும் தசைநார்களும் தாங்கிப் பிடிச்சிருக்கு. வளர்ற வயசில் ஓடியாடுறதால அது கழன்று கீழே வராது.

குழந்தையா? மேரி கோம் இரட்டைக் குழந்தைக்குத் தாயான பிறகுதான் 2012 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அமெரிக்க ஸ்ட்ரைக்கர் அலெக்ஸ் மோர்கன் 2020ல் குழந்தை பெற்று, அடுத்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடி வெண்கலத்தோடு போனார்.

7/ மாதவிடாய் நாளில் ஆடலாமா? தாராளமா. வலி தாங்க முடியலைன்னா அன்னைக்கு ஓய்வு. அது அந்தப் பொண்ணு முடிவு பண்ண வேண்டியது. ஆனா ஒண்ணு: கடுமையா பயிற்சி எடுக்கிற பொண்ணுக்கு மூணு மாசம் பீரியட்ஸ் வராமல் போனா டாக்டரிடம் காட்டுங்க. ஓடுற அளவுக்குச் சாப்பாடு போகலைங்கிறது ஒரு முக்கியமான காரணம். அப்போ ஓட்டத்தை நிறுத்துறதுக்கு முன்னாடி தட்டைப் பாருங்க.

8/ உண்மையான எதிரி வேற. ரத்தசோகை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல!

ஸ்ட்ரைக்கர் வேலை என்ன? திடீர்னு பாயணும், நிக்கணும், திரும்பணும், மறுபடி பாயணும். 90 நிமிஷம். தசைக்கு ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போறது ஹீமோகுளோபின். அது 12க்கு மேல் இருக்கணும். 9ல் இருக்கிற பொண்ணுக்கு முதல் பாதியிலேயே மூச்சு வாங்கும். நாம என்ன சொல்றோம்? "சோம்பேறி." "இவளுக்கு விளையாட்டு வராது." எத்தனை சந்தியாக்களை இந்த ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பியிருப்போம்!

9/ செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

• அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஹீமோகுளோபின் டெஸ்ட். காசு கிடையாது.
• பள்ளியில் வாரம் ஒரு முறை தர்ற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்கச் சொல்லுங்க. மலம் கறுப்பா போகும், பயப்பட வேண்டாம்.
• ஆறு மாசத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை.
• கீரை, சுண்டல், முட்டை, முடிஞ்சா ஈரல். கூட ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை.
• சாப்பிட்ட உடனே டீ வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேர்றதை டீ குறைக்கும்.

10/ பி.டி. ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. முழங்காலுக்குள்ள இருக்கிற ஏ.சி.எல். தசைநார் கிழியறது ஆண்களை விட பெண் வீராங்கனைகளுக்கு அதிகம். ஆட்டத்துக்கு முன்னாடி சுமார் 20 நிமிஷம் செய்ய ஃபிஃபா 11+ னு ஒரு வார்ம் அப் முறை இருக்கு. செலவில்லாதது, காயங்களைக் குறைக்கும்னு ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது. முழங்கால் திரும்பி 'டப்'னு சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினா எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். ஐஸ் வச்சு, நம்ம முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி எலும்பு மருத்துவர் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டு வாங்க.

11/ அந்த 2022 ஆசியக் கோப்பை என்ன ஆச்சு? நவி மும்பையில் ஈரானோடு 0-0. அடுத்த மேட்ச் சீன தைபேயோடு. அதுக்குள்ள அணியில் பத்துப் பேருக்கும் மேல கொரோனா. களத்தில் இறங்க ஆள் இல்லாமல், சொந்த மண்ணில் நடந்த போட்டியில் இருந்தே இந்தியா வெளியேறியது. வருஷக்கணக்கான உழைப்பு நாலே நாளில் போச்சு.

12/ சந்தியா அதோட நிறுத்தலை. மறுபடி கிளப், மறுபடி இந்திய ஜெர்சி. கிருமி வந்து ஆட்டத்தைக் கெடுத்தா யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனா 13 வயசில் "வயசுக்கு வந்துட்டே, போதும்"னு சொல்லி முடிக்கிறோமே, அதைச் செய்றது கிருமி இல்லை. நாமதான்.

13/ எல்லாப் பொண்ணும் இந்தியாவுக்கு ஆட மாட்டாங்க. ஆட வேண்டியதும் இல்லை. ஓடின பொண்ணுக்கு எலும்பு பலமாகும், சர்க்கரையும் பிரஷரும் வர்ற வாய்ப்பு குறையும், நல்லா தூக்கம் வரும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3% இட ஒதுக்கீடும் இருக்கு.

அடுத்த தடவை பி.டி. சார் கேட்டா, "ரத்த டெஸ்ட் எடுத்துட்டு அனுப்பி வைக்கிறோம் சார்"னு சொல்லுங்க. அவ்வளவு போதும்.

பொண்ணு இருக்கிற வீட்டுக்கு இதைப் பகிருங்க.