கயிறு இழுக்கும் கை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ். ஜன்னலோரச் சீமைக்கருவேலம் ஓடுகிறது; தரிசுக்கு அப்பால் தொடுவானம் அசையாமல் நிற்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்தால் தலை சுற்றுவதில்லை. மெய்நிகர் காட்சி செய்கிறவர்கள் முதலில் காப்பாற்ற வேண்டியது அதைத்தான். கை எப்படித் திரும்பினாலும் தொடுவானம் சாயக் கூடாது.

*

1990ல் காலின் வேர், ஸ்டீவன் ஆஸ்போர்ன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மெய்நிகர் காட்சியின் கேமராவைக் கையால் நடத்தும் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். கண் கையில் இருப்பது, காட்சி கையில் இருப்பது, கை வண்டி ஓட்டுவது. தறிக்கு அடியில் கைபேசியை நீட்டி அறுந்த இழையைத் தேடினால், கண் கையில். சேலை மடிப்பைப் புரட்டிப் பின்புறம் பார்த்தால், காட்சி கையில். தனிப்பொருளுக்கு இது அருமை. ஆனால் திருமேனிநாதர் கோயில் பிரகாரத்துக்குள் நின்றுகொண்டு கோயிலையே கையால் திருப்ப முடியுமா? உள்ளே சுற்ற மூன்றாவது வழிதான் வசதி: கை காட்டும் திசையில் போவது.

*

குண்டாற்றங்கரையைப் படம்பிடித்து, மெய்நிகர்க் கண்ணாடியில் அப்பத்தாவுக்குக் காட்டினேன். கைக்கருவியின் குச்சியைத் தள்ளி நகர்த்தியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டது. “நான் உக்காந்துல்ல இருக்கேன், கரை ஏன்யா ஓடுது?”

கண் ‘போகிறேன்’ என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘இல்லை’ என்கிறது. மயக்கம் அந்தச் சண்டையில் பிறக்கிறது. 2016ல் வந்த கூகுள் எர்த் வி.ஆர். நகரும்போது காட்சியின் ஓரங்களை மறைத்து வட்டத்தைச் சுருக்கும். ஓரக்கண்ணில் ஓட்டம் குறைந்தால் மயக்கமும் குறையும்.

*

சாயங்காலம் முறையை மாற்றினேன். கையை மூடினால் நிலம் பிடிபடும், இழுத்தால் வரும், விட்டு, எட்டி, மறுபடி பிடிக்கலாம். அப்பத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையும் மாறி மாறிக் கிணற்றுக் கயிறு இழுத்தன.

“இப்பச் சரி. நான் இழுக்கேன், வருது.”

கை ஒரு சாண் இழுத்தால் நிலமும் ஒரு சாணே வர வேண்டும். கூட்டினால் வேகம் கிடைக்கும், நம்பிக்கை போகும்.

*

ஒரு சிக்கல். கயிறு இழுக்கும் கை இடுப்பில் வந்து முடிகிறது. நேரே பார்த்தபடி இழுத்தால், கண்ணாடியில் பதித்த கேமராக்களுக்கு அங்கே கை தெரிவதில்லை. நிலம் துள்ளுகிறது. கை மறைந்ததும் நிலம் இருந்த இடத்திலேயே நிற்கும்படி நிரல் எழுத வேண்டும்.

*

கிணற்றில் பிடி விட்டால் வாளி விழும். அந்தப் பயத்தில் அப்பத்தா முஷ்டியைத் திறக்கத் தயங்கியது. “விடு அப்பத்தா, விழாது” என்றேன். விரல் விரலாக விட்டது. கரை அப்படியே நின்றது.