நம்ம கோயில் கேமராவும் எங்க அம்மாவோட கடைசித் தீமிதியும்

 

நம்ம கோயிலுக்குக் கேமரா வாங்கியாச்சு. "எதுக்கு இவ்வளவு செலவு? கையில இருக்கிற போன் போதாதா?"ன்னு சிலர் கேட்டாங்க. கேட்டது நியாயம்தான், உபயக்காரங்க கொடுத்த காசு. வெள்ளிக் கணக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு. ஏன் இந்தக் கேமரா, ஏன் இந்த லென்ஸ் என்கிற கணக்கை இங்கே சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினவங்க. பிறகு பால்மரம் போய் செம்பனை வந்துச்சு. அதுக்கப்புறம் நிலமே கைமாறிப் போச்சு. கோயிலை வேற இடத்துக்கு மாத்தணும்னு முடிவான வருஷம், அந்த மண்ணுல கடைசித் திருவிழா. அம்மா இருபது வருஷத்துக்கு மேல தீ மிதிச்சவங்க. "இதோட போதும்டா, இனி இந்த இடம் ஏது?"ன்னு சொல்லிக் காப்புக் கட்டினாங்க.

அந்த வருஷ போனஸ்ல நான் ஒரு கேமரா வாங்கினேன். கடையில நான் கேட்டது ஒரே கேள்வி, எத்தனை மெகாபிக்சல்? கூடவே வர்ற 18-55 லென்ஸோட வாங்கிட்டு வந்துட்டேன்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல தீமிதி. தணல் வெளிச்சமும் ரெண்டு டியூப் லைட்டும்தான். அம்மா குழியில இறங்கி ஏறினது ஆறேழு வினாடி. நானும் விடாம அமுக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தா, ஒரு மஞ்சள் புடவை இழுபட்டு ஓடுது, முகமே இல்லை. பயத்துல பிளாஷ் போட்டு எடுத்த ஒரு படத்துல முகம் இருக்கு, ஆனா கண்ணு மூடியிருக்கு, பின்னால தணல் வெளிறிச் சாம்பல் மாதிரி தெரியுது. அம்மா அதைப் பார்த்துட்டு, "நானாடா இது?"ன்னு சிரிச்சாங்க. ரெண்டு வருஷத்துல அம்மா தவறிட்டாங்க.

ரொம்ப நாள் கழிச்சு அந்தப் படங்களோட விவரத்தைத் திறந்து பார்த்தேன். லென்ஸ் துவாரம் 5.6, ஷட்டர் 1/15 வினாடி. நடக்கிற ஆளை அந்த வேகத்துல பிடிக்கவே முடியாது. அம்மா வேகமா நடந்ததுல தப்பில்லை, லென்ஸ் நான் தப்பா எடுத்துட்டேன்.

இப்ப நிர்வாகம் என்னைக் கேமரா பார்க்கச் சொன்னதும் நான் தொழிற்சாலை வழக்கத்தையே எடுத்துக்கிட்டேன். புது மெஷின் வாங்குறதா இருந்தா, விற்கிறவங்க காட்டுற மாதிரியை நம்ப மாட்டோம். நம்ம சாமானைப் போட்டு, நம்ம வேகத்துல ஓட்டிப் பார்ப்போம். அதே மாதிரி தெரிஞ்ச தம்பி ஒருத்தர்கிட்ட கேமராவும் ரெண்டு லென்ஸும் இரவல் வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூஜைக்கு மண்டபத்துல நின்னேன். விளக்கை அணைச்சுத் தீபாராதனை காட்டுற நேரம்தான் நமக்குப் பரீட்சை.

லென்ஸ்ல 1.8, 5.6ன்னு எழுதியிருக்கும். எண் சின்னதானா கண்ணு பெருசாத் திறக்குதுன்னு அர்த்தம். 5.6 விடுறதைப் போல 1.8 ஒன்பது மடங்குக்கும் மேல வெளிச்சம் விடும். எனக்கு 1/15 கிடைச்ச அதே இருட்டுல 1/125-க்கு மேல கிடைக்கும். கற்பூர ஆரத்தியைப் பார்த்துக் கும்பிடுற பாட்டியோட முகம் தெளிவா விழுந்துச்சு. பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சனை இல்லை. ஸ்டான்லி குப்ரிக் என்கிற டைரக்டர் 1975-ல வந்த 'பேரி லிண்டன்' படத்துல மெழுகுவர்த்தி வெளிச்சத்துலயே சில காட்சி எடுத்தார். அதுக்காக நாசாவுக்குன்னு செய்த 0.7 லென்ஸைத் தேடி வாங்கினார். அவ்வளவு தூரம் நாம போக வேண்டாம். கேனன், நிக்கோன், சோனி எதுவானாலும் 50 எம்எம் 1.8 லென்ஸ் அதிக விலை இல்லாம கிடைக்கும்.

அதனால கேமரா பாடியை ஒருத்தர் பயன்படுத்தினதா வாங்கி, மிச்சப்பட்ட பணத்தை லென்ஸ்ல போட்டோம். 50 எம்எம் 1.8 ஒண்ணு. நம்ம மண்டபம் சின்னது, பின்னால நகர இடமில்லை, அதுக்கு அகலமா எடுக்கிற லென்ஸ் ஒண்ணு. பழைய 18-55-ஐத் தூக்கிப் போடலை. தைப்பூசத்துக்குப் புந்தோங்ல இருந்து கல்லுமலைக்குக் காவடி போறப்போ பகல் வெயில்ல அதுவே தாராளம். கல்லுமலைக் கோயிலுக்குள்ள நுழைஞ்சதும் 1.8-ஐ மாட்டணும்.

எடுக்கப் போற தம்பிங்களுக்கு நான் பட்டுத் தெரிஞ்சது சிலது:

காவடி ஆட்டத்துக்கு ஷட்டர் 1/250-க்குக் குறையாம வைங்க. ஐஎஸ்ஓ 3200 போனாலும் பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்துல ஆள் தெரியும், ஆடிப்போன படத்துல தெரியாது.

1.8-ல கண்ணுல போகஸ் வைங்க. குடும்பமா நின்னா 4-க்கு மாத்துங்க, இல்லைன்னா பின்னால நிக்கிறவங்க மங்கிப் போவாங்க.

வீடியோவுல எல்இடி விளக்கு கோடு கோடா ஓடுதா? நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 பிரேம், ஷட்டர் 1/50ன்னு வைங்க, பெரும்பாலும் நின்னுடும்.

நாதஸ்வரம், தவில் கிட்ட ஒலியை ஆட்டோவுல விடாதீங்க, கரகரக்கும். கையால குறைச்சு வைங்க.

4கே-ல 100 எம்பிபிஎஸ் வச்சு எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும். கார்டு ரெண்டு வச்சுக்குங்க.

விபூதியும் இளநீரும் லென்ஸ்ல படாம கண்ணாடி பில்டர் மாட்டுங்க. வேலை முடிஞ்சதும் டிரை பாக்ஸ்ல வைங்க, ஈரப்பதம் 40-50. நம்ம ஊர் புழுக்கத்துல லென்ஸ் உள்ளே பூஞ்சணம் பிடிச்சா எடுக்கிறது கஷ்டம்.

நிர்வாகம் போட்ட கட்டுப்பாடும் உண்டு. கருவறைக்குள்ள மூலவரை எடுக்கக் கூடாது. பூஜை நேரத்துல பிளாஷ் கூடாது. அருள் வந்து ஆடுறவங்களை, சேலை விலகியிருந்தாலோ மயங்கி விழுந்தாலோ, எடுக்கவும் வேண்டாம், பதிவேத்தவும் வேண்டாம். அவங்க நம்ம வீட்டுப் பொம்பளைங்க.

2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயில் நடை சாத்தினப்போ, வீட்டுல அடைஞ்சு கிடந்த வயசானவங்க போன்ல தீபாராதனை பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டதை நாம பார்த்தோம். நடக்க முடியாம வீட்டுல இருக்கிறவங்களுக்கு இந்தக் கேமராதான் சந்நிதி. அதை மனசுல வச்சு எடுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். இந்த ஆடித் திருவிழாவுல உங்க அம்மாவோ அப்பாவோ பாட்டியோ தீ மிதிக்கிறாங்கன்னா, முன்கூட்டியே என்கிட்ட வந்து சொல்லுங்க. எத்தனையாவதா இறங்குறாங்க, என்ன புடவைன்னு சொன்னா போதும். குழியோட அந்தப் பக்கம், அவங்க ஏறி வர்ற இடத்துல நான் குனிஞ்சு தயாரா இருப்பேன். படத்துக்குக் காசு வேண்டாம், ஒரு பென்டிரைவ் மட்டும் கொண்டு வாங்க.

அம்மன் துணை.