இதனால சபைக்கு என்னங்க பிரயோஜனம்?

சர்ச்சில் பெண்களுக்கு வேலை இல்லாத வாரம் என்று ஒன்று உண்டா? யோசித்துப் பாருங்கள். அறுப்பின் பண்டிகை வந்தால் பலகாரம் சுட வேண்டும். கிறிஸ்துமஸ் வந்தால் கேரல் ரவுண்டு வருகிறவர்களுக்கு டீ போட வேண்டும். கன்வென்ஷன் என்றால் சமையல், கல்யாணம் என்றால் பூ அலங்காரம், துக்க வீடு என்றால் பாட்டும் ஜெபமும். உபவாச ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிப்பதும் அவர்கள்தான், கடைசியில் சுருட்டி வைப்பதும் அவர்கள்தான். எல்லாமே நல்ல காரியங்கள், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் "உங்களுக்கு என்னங்க பிடிக்கும்?" என்று அவர்களை யாராவது கேட்டிருக்கிறார்களா?

கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பதிவு.

சிங்காநல்லூரில் அம்மா போகும் சபையில் இரண்டு வருஷமாக இரண்டு குழுக்கள் நடக்கின்றன. ஒன்று வயர் கூடை பின்னும் குழு, வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணியிலிருந்து நாலு மணி வரை. இன்னொன்று நடைக் குழு, வாரத்தில் ஐந்து நாள் காலையில் அரை மணி நேரம். மொத்தம் பதினாலு பேர். ஆளுக்கு மாசம் அம்பது ரூபாய் சந்தா, ஆக எழுநூறு ரூபாய். நான் பி.காம். படிக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காகக் கணக்கு நோட்டு போடச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதனால் உள்விவகாரம் கொஞ்சம் தெரியும் :-)

முதலில் நடை. ஆரம்பத்தில் யாரோ யோகா வைக்கலாம் என்றார்கள். கோயமுத்தூரில் இந்த யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆழியாறு பக்கத்தில் இருக்கிறது, தெருவுக்குத் தெரு மனவளக்கலை மன்றம் இருக்கிறது. ஆனால் பாதிப் பேர் "சர்ச்சுக்குள்ள யோகாவா?" என்று தயங்கினார்கள். இதை யாரும் சண்டையாக்கவில்லை. ஒரு அக்கா, "அதெல்லாம் எதுக்குங்க, எட்டு போட்டு நடக்கலாம்" என்றார். வேப்ப மரத்தடியில் கோலமாவில் பெரிய எட்டு ஒன்று போட்டாயிற்று. எட்டு சுற்றினால் தலை சுற்றுகிறது என்ற மூன்று பேர் குளத்துக் கரைப் பக்கம் போய்விடுகிறார்கள். அதுவும் கணக்கில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது. அரை மணி, ஐந்து நாள். சரியாக வருகிறதா?

நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு ஆண்ட்டிக்குப் பத்தே நிமிஷத்தில் மூச்சு வாங்குவதை மற்றவர்கள் கவனித்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்தசோகை. இது அபூர்வமில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வீட்டில் தினமும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டுதான் வேலை செய்திருப்பார். அங்கே யாருக்கும் அது தெரியவில்லை. பக்கத்தில் சேர்ந்து நடந்தவர்களுக்குத் தெரிந்தது. குழுவில் டாக்டர் கிடையாது, மருந்து கொடுப்பதும் கிடையாது. "நாளைக்கே போய்ப் பாரு, நான் கூட வர்றேன்" என்று சொல்ல ஆள் இருந்தார்கள்.

அடுத்து கூடை. வயர் கூடையில் சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று வகைகள் உண்டு. சர்ச் ஹாலில் உட்கார்ந்து சிவன் கண் போடலாமா என்று முதல் வாரமே ஒரு சந்தேகம் கிளம்பியது. "பேரை விடுங்கம்மணி, பாக்க லட்சணமா இருக்குதல்லோ" என்று ஒரு பாட்டி சொன்னதோடு அது முடிந்தது. இப்போது எல்லாரும் அதை "அந்தக் கண்ணு" என்கிறார்கள்.

ஒரு மணி நேரம் கூடை பின்ன இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். 2019இல், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவழித்தது சராசரியாக 299 நிமிஷம். அப்படி வேலை செய்யும் ஆண், 97 நிமிஷம். 2024இல் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. அஞ்சு வருஷத்தில் பெண்களுக்குக் கிடைத்த லாபம் பத்து நிமிஷம். ஆண்களுக்கு ஒன்பது. இந்த லட்சணத்தில் முழுசாக ஒரு மணி நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது சாதாரண விஷயமா?

பெண்கள் சர்ச்சில் கூடிப் பின்னுவது புதுசு இல்லை. 1820களில் நாகர்கோவிலில், லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் படிப்பு நடந்தது. லேஸ் சம்பாத்தியத்தால் அடிமைத்தனத்திலிருந்து மீண்ட பெண்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். மார்த்தாவின் மகள் எலைசாதான் 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்தவர். ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். எலைசா திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கும் லேஸைக் கொண்டுபோனார்.

இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இதே கதை. அன்னையர் சங்கம் என்று உலகம் முழுக்க இன்று இருக்கிற அமைப்பை 1876இல் ஒரு கிராமத்தில் தொடங்கியவர் மேரி சம்னர். அவர் அந்த ஊர் குருவானவரின் மனைவி. முதல் கூட்டத்தில் பேச முடியாமல் பதறிப்போய், வந்தவர்களை எல்லாம் அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டாராம்! அடுத்த வாரமும் வந்தார்களே, அந்தப் பெண்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கவனித்தீர்களா? நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி, இடையன்குடியில் மிஷனரியின் மனைவி, இங்கிலாந்தில் குருவானவரின் மனைவி. அந்தக் காலத்தில் அப்படித்தான் தொடங்க முடிந்தது. ஆனால் இன்றைக்கும் பல சபைகளில் ஆயரம்மாதான் பெண்கள் சங்கத்தின் தலைவி. அவருக்கு இஷ்டமா, நேரம் இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்பதில்லை. ஆயரைச் சில வருஷங்களில் மாற்றிவிடுவார்கள். தையலில் ஆர்வமான ஆயரம்மா போய், பாட்டில் ஆர்வமான ஆயரம்மா வருவார். தையல் மெஷின் ஹால் மூலையில் தூசி படிந்து கிடக்கும். மறுபடி முதலிலிருந்து. தப்பு எந்த ஆயரம்மா மேலும் இல்லை. ஒரே ஆளை நம்பி நடக்கிற எதுவும் அந்த ஆளோடு போய்விடும்.

இந்தக் குழுவுக்கும் ஒரு சோதனை வந்தது. ஆறு மாசத்தில் கூடைகள் நன்றாகவே வர ஆரம்பித்தன. பார்த்தவர்களுக்கு ஒரு யோசனை. அறுப்பின் பண்டிகை விற்பனைக்கு நூறு கூடை பின்னிக் கொடுத்தால் கட்டட நிதிக்கு ஆகுமே? நல்ல எண்ணம்தான். ஆனால் அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையில் வருகைப் பதிவு பதினாலு, ஒன்பது, ஐந்து என்று இறங்கியது. மூணு மணிக்குச் சிரிப்புச் சத்தம் கேட்ட இடத்தில் "இன்னும் எத்தனை பாக்கி?" என்ற பேச்சுதான் கேட்டது. பொழுதுபோக்கு, டார்கெட் ஆகிவிட்டது.

இதைப் பேசக் கூடிய கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டதைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன். கூடை தர மாட்டோம் என்றால் இதனால் சபைக்கு என்ன பிரயோஜனம்? ஸ்பின்னிங் மில்லில் வைண்டிங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா எழுந்தார். "எனக்குப் பிரயோஜனமா இருக்குதுங்க. நானும் சபைதானுங்களே?" என்றார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மில்லில் ஷிப்டு பார்த்து, வீட்டில் ஷிப்டு பார்த்து, சர்ச்சிலும் மூணாவது ஷிப்டு பார்த்தவர் அவர். பிறகு குழுவே கை தூக்கி முடிவு செய்தது. விருப்பப்பட்டவர்கள் வீட்டில் பின்னிக் கொடுக்கலாம், வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்தில் எந்த ஆர்டரும் கிடையாது. பண்டிகைக்கு இருபத்தி மூணு கூடை வந்தது. அத்தனையும் விற்றது. குழுவும் பதினாலு பேராகத் திரும்பியது.

இந்த மாதிரி முடிவெடுக்க இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தேன். பதில் மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் ஐஃபாட் உதவியோடு தமிழக அரசு தொடங்கியது, 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டம் தொடங்கியது, எல்லாம் எங்கள் பாடத்திலேயே உண்டு. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், சரியான தவணை, சுத்தமான கணக்கு என்ற ஐந்து சூத்திரங்களை நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வோம். அம்மாக்கள் அதை வாழ்ந்தே முடித்துவிட்டார்கள். குழுவில் இருபது பேருக்கு மேல் ஏன் கூடாது தெரியுமா? 1956 கம்பெனிச் சட்டப்படி, லாப நோக்கில் இருபது பேருக்கு மேல் கூடினால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 2013 சட்டத்தின் கீழ் அந்த வரம்பு ஐம்பதாக உயர்ந்தது. கூடைக் குழுவுக்குச் சட்டம் பொருந்தாது, ஆனாலும் அளவு சரிதான். இருபதுக்குள் இருந்தால்தான் யார் வரவில்லை என்பது உடனே தெரியும்.

கடனையும் தவணையையும் எடுத்துவிட்டால் மீதி எல்லாம் அப்படியே பொருந்துகிறது. மூணு மாசத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் மாறுகிறார். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருகிறார், வாத்தியார் கிடையாது. தண்ணி விடுகிற நாளில் கூட்டத்தைத் தள்ளி வைக்கிறார்கள். மாசக் கடைசியில் நோட்டைச் சத்தமாக வாசிக்கிறார்கள். வரவு 700, வயர் ரோல் வாங்கியது இவ்வளவு, டீ, பிஸ்கட் இவ்வளவு, மீதி இவ்வளவு. வராதவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகிறார். வேலைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளி மதியம் ஒத்துவரவில்லை என்பது இன்னும் தீராத பிரச்சனை. ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு இன்னொரு குழு தொடங்கலாமா என்று பேச்சு நடக்கிறது.

உங்கள் சபையிலோ, கோயிலிலோ, பள்ளிவாசல் பக்கத்திலோ, அபார்ட்மெண்டிலோ இப்படி ஒன்று தொடங்கினால், என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். நேரத்தை யார் குறிக்கிறார்கள், நோட்டு யாரிடம் இருக்கிறது, ஹால் சாவி யார் கையில் இருக்கிறது என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். இங்கே சாவி இப்போது, முதல் வாரம் சிவன் கண்ணுக்குத் தீர்ப்பு சொன்ன பாட்டியின் சுருக்குப் பையில் இருக்கிறது. மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே திறந்துவிடுவார்.