பிரியாவிடையும் பிடி அரிசியும்

நுழையும்முன்

விடைபெறும் ஆசிரியர் தம் மாணவர்க்கு எதைச் சொல்லிச் செல்ல வேண்டும்? கேரளத்தில் கல்விப்பணி ஆற்றிய துறவி ஒருவர் 1868ஆம் ஆண்டில் எழுதிய இறுதிமொழிகளைப் பற்றித் தமிழாசிரியை ஒருவர் எண்ணிப் பார்த்ததே இக்கட்டுரை.

மாணவச் செல்வங்களே,

பள்ளிகளில் பிரியாவிடைக் கூட்டம் நடைபெறும் முறையை நீங்கள் அறிவீர்கள். இடமாற்றம் பெற்றவருக்கும் பணிநிறைவு பெற்றவருக்கும் பொன்னாடை போர்த்துவர், சந்தனமாலை அணிவிப்பர், அவர் ஆற்றிய பணிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பர். விடைபெறுபவர் எழுந்து நன்றி கூறுவார். பின்னர் இனிப்பும் காரமும் வழங்கப்படும். என் பணிக்காலத்தில் இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்திருக்கிறேன். அங்குப் பேசப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இன்று என் நினைவில் இல்லை.

இவ்வாண்டு இறுதியில் எனக்கும் அத்தகைய கூட்டம் ஒன்று நடைபெறவுள்ளது. ஒக்கலிபுரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு மாநிலத்துப் பள்ளிக்கு நான் செல்ல வேண்டும். உங்களிடம் எதைச் சொல்லிச் செல்வது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆசிரியத் துறவி ஒருவரின் விடைமொழிகள் எனக்குத் துணையாயின.

அவர் பெயர் சாவறா குரியாக்கோஸ் எலியாஸ். 1805ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், கேரளத்தின் குட்டநாட்டில் உள்ள கைனகரி என்னும் ஊரில் அவர் பிறந்தார். நீர்நிலைகளுக்கு நடுவே நெல் விளையும் நாடு அது. 1829இல் குருப்பட்டம் பெற்றார். 1831ஆம் ஆண்டில், பாலைக்கல் தோமா, போருக்கர தோமா என்னும் மூத்த குருக்கள் இருவருடன் இணைந்து, கோட்டயத்தை அடுத்த மன்னானத்தில் ஒரு துறவற சபைக்கு அடித்தளம் இட்டார். அச்சபையினர் இன்றுவரை கல்வியையே தங்கள் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளனர். நம் பெங்களூருவின் ஓசூர்ச் சாலையில் உள்ள கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தை உங்களுள் பலர் பேருந்தில் செல்லும்போது பார்த்திருப்பீர்கள். 1969இல் கல்லூரியாக அதனைத் தொடங்கியவர்கள் அச்சபையினரே.

குரியாக்கோஸ் அடிகளார் வாழ்ந்த காலத்தில் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளில் கல்வி எல்லார்க்கும் உரியதாக இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்குப் பள்ளியின் வாயில் திறக்கப்படவில்லை. அடிகளார் 1846ஆம் ஆண்டில் மன்னானத்தில் ஒரு சமற்கிருதப் பள்ளியைத் தொடங்கினார். அங்குக் கற்பிப்பதற்கு இந்து அறிஞர் ஒருவரை அழைத்துவந்தார். சாதி வேறுபாடு பாராமல் மாணவரைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கெனவும் பள்ளி தொடங்கி, அவர்களுக்கு நண்பகல் உணவும் உடையும் கிடைக்க வழிசெய்தார்.

அதே 1846ஆம் ஆண்டில் மன்னானத்தில் ஓர் அச்சகமும் எழுந்தது. அயல்நாட்டவர் உதவியின்றி அமைந்த அச்சகம் அது. அச்சுப்பொறியின் அமைப்பை நேரில் பார்த்துவந்த அடிகளார், முதலில் வாழைத்தண்டில் அதன் மாதிரியைச் செய்துகாட்டினார் என்றும், அதைப் பார்த்துத் தச்சர் மரத்தில் பொறியை உருவாக்கினார் என்றும் கூறுவர். 1866இல் பெண்களுக்கான துறவற சபை ஒன்று கூனம்மாவு என்னும் ஊரில் தோன்றுவதற்கும் அவர் துணைநின்றார். மூங்கில் பாயால் அடைத்த எளிய மடத்தில் அது தொடங்கியது. பெண்கல்விக்கு அம்மடம் பெருந்தொண்டு ஆற்றியது.

இவற்றுள் மிகுதியும் பேசப்படுவது 1864ஆம் ஆண்டு ஆணை. ஆயருக்கு அடுத்த நிலையில் முதன்மைக் குருவாகப் பொறுப்பேற்றிருந்த அடிகளார், ஒவ்வொரு கோயிலையும் அடுத்து ஒரு பள்ளிக்கூடம் அமைய வேண்டும் என்று அறிவித்தார். பள்ளிக்கூடம் தொடங்காத கோயில் விலக்கி வைக்கப்படும் என்றும் அவ்வாணை எச்சரித்தது.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். மலையாளத்தில் ‘பள்ளி’ என்றால் வழிபாட்டிடம். ‘பள்ளிக்கூடம்’ என்றால் கல்வி கற்கும் இடம். தமிழிலும் இச்சொல் நெடும்பயணம் செய்துள்ளது. முற்காலத்தில் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. அங்கே கல்வியும் நடைபெற்றதால் கற்கும் இடத்துக்கு அப்பெயர் நிலைத்தது. பள்ளிவாசல் என்னும் சொல்லில் இன்றும் வழிபாட்டுப் பொருள் வாழ்கிறது. அடிகளாரின் ஆணை, ஒரு சொல்லுக்குள் உறங்கிய இரு பொருள்களையும் ஒரே வளாகத்தில் அருகருகே நிறுத்தியது எனலாம்.

ஆணையிட்டால் கட்டடம் எழும். பிள்ளைகள் நாள்தோறும் வருவதற்கு அது போதுமா? பசித்த பிள்ளை எப்படிப் பாடம் கேட்கும்? இதற்கு அடிகளார் கண்ட வழி ‘பிடி அரிசி’. வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். அதனைத் திரட்டி ஏழைப் பிள்ளைகளுக்கு உணவாக்கினார்கள். செல்வர் ஒருவர் மூட்டை மூட்டையாக வழங்கியிருந்தால் சில காலம் உணவு கிடைத்திருக்கும். ஊருக்கு அதில் பங்கு இருந்திராது. பிடி அரிசியிலோ, ஏழை வீட்டு அடுப்பங்கரையும் பள்ளிக்கூடத்தோடு உறவு கொண்டது.

இத்தனை பணிகளைச் செய்தவர் விடைபெறும்போது என்ன சொன்னார் என்று அறிய நான் ஆவல் கொண்டேன். 1868ஆம் ஆண்டில், தம் பிறந்த ஊராகிய கைனகரி மக்களுக்கு அவர் ஓர் ஓலை எழுதினார். நல்ல தந்தை ஒருவர் தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் இறுதிமொழி என்னும் பொருளில் அதற்குப் பெயர் இட்டார். இறுதிமொழியைக் குறிக்க அவர் ஆண்ட மலையாளச் சொல் ‘சாவருள்’. சாவு, அருள் என்று பிரித்துப் பார்த்தால், சாவை எதிர்நோக்கி அருளிய மொழி என்பது தமிழர்க்கும் எளிதில் விளங்கும்.

அந்த எழுத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை. அச்சகத்தைப் பற்றிய பெருமிதம் இல்லை. தொடங்கிய பள்ளிகளின் கணக்கு இல்லை. மாறாக, வீட்டுச் செய்திகளே நிறைந்துள்ளன. வீட்டாருக்குள் பூசல் வேண்டா என்கிறார். வழக்கு மன்றம் ஏறுவதைத் தவிர்க்கச் சொல்கிறார். ஆடம்பரத்துக்காகக் கடன்படுவதைக் கண்டிக்கிறார். வேலை செய்தவரின் கூலியைக் குறைப்பதும் காலம் தாழ்த்துவதும் பெரும்பிழை என்கிறார். பிறர்க்கு நன்மை செய்யாமல் கழிந்த நாள், வாழ்ந்த நாள்களின் கணக்கில் சேராது என்று நினைவூட்டுகிறார்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவர் கூறுவன தனிப்பகுதியாக அமைந்துள்ளன. பிள்ளைகள் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட செல்வம் என்பது அவர் கருத்து. உரிய பருவத்தில் அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதோடு நில்லாமல், என்ன கற்றார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்று அவ்வப்போது கேட்டறிய வேண்டும் என்கிறார். இவ்வெழுத்தைப் படியெடுத்து ஒவ்வொரு வீட்டிலும் வைத்துக்கொண்டு, மாதந்தோறும் முதல் சனிக்கிழமை அன்று படிக்குமாறும் வேண்டுகிறார்.

தம் துறவற சபையினருக்கும் அவர் தனியே அறிவுரை விட்டுச்சென்றார். பல மடங்களில் பிரிந்து வாழ்ந்தாலும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகளைப் போல் அன்பால் ஒன்றுபட்டிருங்கள் என்பதே அதன் சாரம். 1871ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் கூனம்மாவில் அவர் காலமானார். 2014ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்காக ஆணையிட்டவர், விடைமொழியில் வேண்டிக் கேட்டுக்கொள்கிறார். இந்த வேறுபாடே என்னைச் சிந்திக்கவைத்தது. பள்ளிக்கூடத்தைத் திறக்க ஆணை பயன்படும். பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளையிடம், “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்குமாறு எந்த அதிகாரியும் ஆணையிட முடியாது. அது வீட்டில் அமைய வேண்டிய பழக்கம். அந்தக் கேள்வி நின்றுவிட்டால், பள்ளிக்கூடம் திறந்திருந்தும் கல்வி மெல்ல மெல்ல வெளியேறிவிடும். அடிகளார் அதனை அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

அக்கேள்வியின் ஆற்றலை நான் என் வீட்டில் கண்டவள். என் தந்தையார் அருப்புக்கோட்டையில் கைத்தறி நெசவாளராக இருந்தார். அவர் எழுத்தறியாதவர். மாலையில் நான் வீடு திரும்பியதும், “இன்றைய பாடத்தைப் படித்துக்காட்டு தாயே” என்பார். நான் தறியருகே அமர்ந்து உரக்கப் படிப்பேன். நாடா இப்புறமும் அப்புறமும் ஓடிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் தடுமாறினால் நாடாவின் ஓசை நின்றுவிடும். “அந்த வரியை மறுபடியும் சொல்” என்பார். எழுத்துப் பிழையை அவரால் காண இயலாது. பொருள் புரியாமல் படிக்கிறேனா என்பதை என் குரலைக்கொண்டே கண்டுவிடுவார். கல்லூரியில் தமிழ் இலக்கியம் கற்றபோது எனக்குப் பேராசிரியர்கள் பலர் வாய்த்தனர். ஆயினும் வாய்விட்டுப் படிக்கக் கற்பித்தவர் என் தந்தையாரே.

இன்று என் மகள் ஊரில் தன் பாட்டியிடம் வளர்கிறாள். நாள்தோறும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அதே கேள்வியை நான் கேட்கிறேன். “உங்கள் வகுப்புப் பிள்ளைகளை நீங்கள் நேரில் கேட்கிறீர்கள், என்னைத் தொலைபேசியில் கேட்கிறீர்கள் அம்மா” என்று ஒருநாள் சொன்னாள். அதற்கு மறுமொழி சொல்ல எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. பணிக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளாகிய உங்களுக்கு அவள் சொன்னதன் பொருள் நன்கு விளங்கும்.

உங்கள் பெற்றோருள் சிலர் இரயில் நிலையத்தில் சுமை தூக்குகின்றனர்; சிலர் கட்டட வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் செல்கின்றனர்; சிலர் வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டுகின்றனர். வேலூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் உங்கள் தாத்தா பாட்டியர் இந்நகருக்கு வந்தனர். தெருவில் கன்னடம், வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ் என உங்கள் நாள் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. எல்லா மொழிகளையும் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். இந்நகரம் உங்களுக்குச் சோறிடுகிறது. இதன் மொழியைப் போற்றுவது உங்கள் கடமை. ஆனால் தமிழ் எழுத்து உங்கள் கைக்கு வருவது வாரத்தில் சில மணிநேரம் மட்டுமே. விருப்பமொழி வகுப்போ அதனை விரும்பிக் கேட்கும் மாணவர் உள்ளவரையில்தான் நடைபெறும். நான் சென்றபின் அவ்வகுப்பு தொடருமா என்பதற்கான விடை என் கையில் இல்லை; உங்கள் கையிலும் உங்கள் பெற்றோர் கையிலும் உள்ளது.

ஆகவே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நாள்தோறும் ஒரு பக்கத்தை வீட்டில் உரக்கப் படியுங்கள். எழுத்தறியாத பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களுக்குப் படித்துக்காட்டுங்கள். ஒரு பக்கம் என்பது ஒரு கைப்பிடி அளவுதான். பிடி அரிசியைப் போல அதனை நாள்தோறும் எடுத்துவைத்தால் போதும்.

இரண்டாவது, உங்கள் வகுப்பில் ஒருவர் தமிழ் படிக்கத் தடுமாறினால், அவரைப் பார்த்து நகைக்காதீர்கள். வேறு வேறு மாவட்டத்துப் பேச்சு, வேறு வேறு சமயம், வேறு வேறு தெரு. ஆயினும் இவ்வகுப்பில் நீங்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

மூன்றாவது, வரும் கல்வியாண்டில் விருப்பமொழிக்கான படிவம் உங்களிடம் தரப்படும்போது, அதனைப் பைக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். அன்று மாலையே பெற்றோரிடம் காட்டி, தமிழ் என்று எழுதிக் கையொப்பம் பெறுங்கள். உங்களுக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு அதைவிடச் சிறந்த வரவேற்பு வேறில்லை.

இக்கட்டுரையை உங்கள் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் எந்த நாளில் இதைப் படிப்பது என்பதை நீங்களே கூடி முடிவு செய்யுங்கள்.

பயிற்சி

1. 1864ஆம் ஆண்டு ஆணைக்கும் 1868ஆம் ஆண்டு இறுதிமொழிக்கும் கட்டுரையாசிரியர் காணும் வேறுபாடு யாது?

2. ‘பிடி அரிசி’ முறையால் ஊர்மக்களுக்கும் பள்ளிக்கும் இடையே எத்தகைய உறவு ஏற்பட்டது?

3. ‘பள்ளி’ என்னும் சொல்லின் பொருள் தமிழிலும் மலையாளத்திலும் எவ்வாறு வழங்குகிறது?

4. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இப்பாடத்தைப் படித்துக்காட்டி, அவர் கூறிய கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.